கரடியும் நாற்பது கிலோ ஆம்ப்பும்

அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று ஒரு பழமொழி உண்டு. சொன்னவன் யாரென்று தெரியாது, அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவன், ஊரே கரடி என்று கூப்பிடுகிற ஆள். குழாய் ஒழுகினால் குழாய்க்கு அடி. டிவியில் படம் ஆடினால் டிவிக்கு அடி. பைக் கிளம்பாவிட்டால் உதை. மனிதர்கள் மக்கர் செய்தாலும் அதே வைத்தியம்தான். நாற்பத்திரண்டு வயதுக்குள் அவன் வலது கை மூன்று முறை உடைந்து ஒட்டியிருந்தது. இரண்டு முறை எதிராளியின் தாடை, ஒரு முறை சுவர். அந்தச் சுவர் செய்த குற்றம் என்னவென்று அவனுக்கே இப்போது ஞாபகம் இல்லை.

வாரநாட்களில் ஒரு குடோனில் லோடு ஏற்றுவான். சனி ஞாயிறு வந்தால் பேஸ் கிட்டார். நாலு பேர் கொண்ட குழு அது: கரடி, கீபோர்டுக்காரர், பாடுவதற்குக் கரடியின் தங்கச்சி, ட்ரம்ஸுக்கு அவள் புருஷன். ஹோட்டல் ஹால்களிலும் கம்பெனி விருந்துகளிலும் வாசிப்பார்கள். பேஸ் வாசிக்கிறவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் அவன் நிறுத்தினால் பாட்டுக்குக் கால் ஒடிந்துவிடும். கரடிக்கு அது பிடித்திருந்தது. உலகத்தில் அவன் மென்மையாகத் தொட்ட பொருள் என்று ஒன்று இருந்ததென்றால் அது அந்த நாலு கம்பிகள்தான்.

தங்கச்சி புருஷனுக்கும் அவனுக்கும் கீரிக்கும் பாம்புக்கும் உள்ள உறவு. கல்யாணமான முதல் வருஷம் மாப்பிள்ளை ஒரே ஒரு தடவை தங்கச்சியின் கன்னத்தில் அறைந்துவிட்டான். மறுநாள் காலையில் கரடி போய்க் கதவைத் தட்டினான். திறந்தவனைப் படிக்கட்டில் உருட்டிவிட்டு வலது தோளின் மேல் ஏறி நின்றான். தோள் எலும்பு உடைந்த சத்தம் மாடி வீட்டுக்குக் கேட்டது. மாப்பிள்ளை அதற்குப் பிறகு ஒருநாளும் அவள் மேல் கை வைக்கவில்லை. வலது கையை முழுசாக மேலே தூக்கவும் முடியவில்லை. ட்ரம்ஸை எல்லாம் தாழ்த்தி வைத்துக்கொண்டு வாசிக்கப் பழகினான்.

ஒன்பது வருஷம் இருவரும் நேரில் பேசிக்கொள்ளவில்லை. பேசினால் மூன்றாம் ஆள் வழியாகத்தான். "வேகத்தைக் குறைக்கச் சொல்லு உன் புருஷனை" என்பான் கரடி, புருஷன் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போதே. ஆனாலும் பேஸும் ட்ரம்ஸும் ஒன்றாக விழாவிட்டால் பிழைப்பு நாறிவிடும். அதனால் கரடி மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் வலது காலை மட்டும் பார்த்து வாசித்தான். அந்தக் கால் மிதிக்கும்போது இவன் விரல் கம்பியில் விழும். ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

ஆம்ப், அதாவது கரடியின் கிட்டார் சத்தத்தைப் பெருக்கித் தரும் பெட்டி, அந்த விஷயத்துக்கு வருவோம். நாற்பது கிலோ எடை, இரண்டு பக்கமும் கைப்பிடி. ஒரு பிடி கரடிக்கு, இன்னொரு பிடி மாப்பிள்ளைக்கு. சில மாதங்களாக அது பாட்டு நடுவில் செத்துவிடும். கரடி தலையில் ஒரு போடு போடுவான், பிழைத்துக்கொள்ளும். எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு ஒரு போடு இரண்டானது, இரண்டு நாலானது. கூடவே 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல், வண்டு புகுந்த மாதிரி.

ரிப்பேர்க்காரர் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"என்னய்யா பண்ணி வச்சிருக்க? உள்ள ஒரு கம்பியும் ஒழுங்கா நிக்கல. ஈயம் பத்து வச்சதெல்லாம் விட்டுப்போச்சு. அடிச்சியா?"

"அடிச்சாதான் வேலை செய்யுது."

"அடிச்சதாலதான் செய்யல. முழுசாப் பிரிச்சு மாத்தணும், மூணு வாரம் ஆகும். இல்லன்னா உதிரிக்கு வித்துடு. இந்த நெலமையில மட்டும் கரண்ட் குடுக்காத."

"சனிக்கிழமை ப்ரோக்ராம் இருக்கு. இப்பவே ரெண்டு பத்து வச்சுக் குடு."

"முடியாதுன்னா முடியாது."

முடியாது என்ற சொல் கரடிக்கு ஆகவே ஆகாது. சட்டையைப் பிடித்து இழுத்தான். மேஜை மேல் இருந்த மீட்டரில் ரிப்பேர்க்காரரின் வாய் மோதி முன்பல் ஒன்று விழுந்தது. கீழே விழுந்த பல்லை அவர் தேடிக்கொண்டிருக்கும்போதே கரடி நாற்பது கிலோவைத் தனியாகத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

வீட்டில் பஞ்சாயத்து. விற்றுவிடுவது நல்லது என்றாள் பொண்டாட்டி. பக்கத்துத் தெரு இசைப் பள்ளிக்காரர் வேறு கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் ஓடுதுன்னு சொல்லிக் கொடுத்துடுங்க. வாங்கிட்டுப் போன பிறகு அவங்க பாடு."

தங்கச்சிக்கு ரிப்பேர் செய்ய ஆசை. "இதோட சத்தம் வேற எதுல வரும், அண்ணே?" மாப்பிள்ளை வாசலில் நின்றபடி, தங்கச்சியிடம் சொல்வது போல, எடை குறைந்ததாக ஒன்று வாங்கினால் தன் தோளுக்கும் நல்லது என்றான். கரடி அதுவரை விற்கலாமென்றுதான் நினைத்திருந்தான். அவன் விற்கச் சொல்கிறானா? அப்படியானால் விற்கப் போவதில்லை. வீம்புக்கு மருந்து உண்டா?

சனிக்கிழமை மாலை ஹாலில் எல்லாப் பெட்டிகளுக்கும் மாப்பிள்ளைதான் ப்ளக் மாட்டினான், அது அவன் வேலை. ஆம்ப் பழையபடி இரைந்தது. ஹால் மேனேஜர் மூஞ்சியைச் சுளித்தார். எல்லோரும் டீ குடிக்கப் போன நேரத்தில் கரடி ப்ளக்கைப் பிடுங்கி, மூன்று பின்னில் பெரியதாக இருக்கும் எர்த் பின்னைக் கட்டிங் ப்ளேயரால் நறுக்கிவிட்டு, சுவர்ச் சாக்கெட்டின் எர்த் ஓட்டையைக் குச்சியால் நெம்பித் திறந்து ப்ளக்கை மறுபடி மாட்டினான். இரைச்சல் நின்றது. மேடையில் வயிறு வளர்க்கிற பாதிப் பேர் செய்கிற வேலைதான் இது. பெட்டிக்குள் கரண்ட் கசிந்தால் அது மண்ணுக்குப் போவதற்கு இருக்கிற ஒரே வழி அந்தப் பின் என்பது அவர்களுக்குத் தெரியாது என்றில்லை. இரைச்சல் இன்றைக்குக் கேட்கிறது, சாவு கேட்பதில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது பாட்டில் ஆம்ப் செத்தது. கரடி திரும்பி அதன் தலையில் ஓங்கி நாலு குத்து விட்டான். பிழைத்தது. அந்தக் குத்தில் உள்ளே ஒரு கம்பி கழன்று தகரத்தில் சாய்ந்ததும், கரண்ட் ஒயர் வழியாகக் கிட்டார் கம்பிகளுக்கு ஏறியதும் யாருக்கும் தெரியாது. முன்னால் மைக் ஸ்டாண்ட் சரிந்துகொண்டிருந்தது. இடது கை கிட்டார் கம்பிகளைப் பிடித்திருக்க, வலது கையால் ஸ்டாண்டைப் பிடித்து நிமிர்த்தப் போனான்.

பிடித்த கை விடவில்லை. இரண்டு கையும் இறுகிக்கொண்டன. பல் வெளியே தெரிய, கழுத்து நரம்பு புடைக்க, உடம்பு முழுக்க உதறியது. முன்வரிசையில் ஒருவன் விசில் அடித்தான். "ஆடுறான் பாரு கரடி!" கூட்டம் கைதட்டியது. தங்கச்சி முதுகு காட்டிப் பாடிக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளையின் கால் மிதித்தது, பேஸ் விழவில்லை. மறுபடி மிதித்தான், விழவில்லை. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவன் தலையைத் தூக்கிக் கரடியின் முகத்தைப் பார்த்தான்.

மேடை ஓரத்தில் கிடந்த மர நாற்காலியை எடுத்துக்கொண்டு ஓடி வந்து கரடியின் இடது கையில் போட்டான். விடவில்லை. இன்னொன்று போட்டான். எலும்பு உடைந்தது, அப்போதும் விடவில்லை. மூன்றாவது அடிக்கு நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கினான். உயராத அந்தத் தோள் கிழிந்துகொண்டு உயர்ந்தது. அடித்த அடியில் கிட்டாரும் கரடியும் இரண்டு பக்கமாக விழுந்தார்கள். கூட்டத்துக்கு அப்போதுதான் ஏதோ தப்பென்று பட்டது. நாலு பேர் பாய்ந்து மாப்பிள்ளையைக் கீழே தள்ளி மிதித்தார்கள்.

கரடி ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது இடது கை மாவுக்கட்டில் இருந்தது. உள்ளங்கையில் நாலு கம்பியும் நாலு கோடாகக் கருகிப் பதிந்திருந்தன. இரண்டு விரல் இனி மடங்காது என்றார் டாக்டர். அவனுக்குக் கடைசியாக ஞாபகம் இருந்தது நாற்காலியோடு பாய்ந்து வந்த மாப்பிள்ளை மட்டுமே.

"படுபாவி திட்டம் போட்டுச் செஞ்சிருக்கான்" என்று பொண்டாட்டி அழுதாள். "எர்த் பின்னை வெட்டி வச்சிருக்கான். மாட்டினது அவன்தானே? கரண்ட்ல போகலன்னதும் நாற்காலியால அடிச்சிருக்கான். போலீஸ் கூட்டிட்டுப் போயிடுச்சு."

கரடி வாயைத் திறக்கப் போனான். மூடிக்கொண்டான்.

உண்மையைச் சொல்வதென்றால், அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. இரண்டு விரல் போன வயிற்றெரிச்சலுக்கு நடுவே, குளிர்ந்த தண்ணீர் குடித்த மாதிரி ஒரு சந்தோஷம். ஒன்பது வருஷமாகத் தான் செய்ய முடியாததை ஸ்டேஷனில் யாரோ செய்துகொண்டிருப்பார்கள் என்று நினைத்தபடியே தூங்கிப்போனான்.

மறுநாள் காலை தங்கச்சி வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அண்ணே, அவர் செஞ்சிருப்பாரா? நீ சொல்லு. நீ ஆமான்னு சொன்னா நான் துணியை எடுத்துட்டு வந்துடறேன். அந்த வீட்டுல இனிமே கால் வைக்க மாட்டேன்."

கரடி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான். "தலை வலிக்குது. அப்புறம் பேசலாம்" என்றான். அவள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு போனது அவனுக்கு நன்றாகவே தெரிந்தது.

சாயங்காலம் போலீஸ்காரர் வாக்குமூலம் எழுத வந்தார். சாட்சிக்கு வீடியோ இருக்கிறது, விருந்துக்கு வந்த ஒருவர் எடுத்தது என்று போனைக் காட்டினார். கரடி பார்த்தான். பல்லைக் காட்டி உதறுகிற தன்னை, விசில் அடிக்கிற கூட்டத்தை, தலையைத் தூக்கிப் பார்க்கிற மாப்பிள்ளையை. ட்ரம்ஸைத் தள்ளிவிட்டு ஓடி வரும்போது அவன் "மச்சான்!" என்று கத்துவது இரைச்சலுக்கு மேலே கேட்டது. ஒன்பது வருஷமாக அந்த வாயிலிருந்து வராத சொல்.

"இன்னொரு தடவை போடுங்க சார்."

போட்டார்.

"பின்னை வெட்டினது நான்" என்றான் கரடி.

"என்னங்க உளர்றீங்க?" என்று பொண்டாட்டி கையைப் பிடித்தாள்.

"உளறல. நான்தான் வெட்டினேன். அவன் அடிக்கலன்னா நான் இப்ப பொணம். எழுதிக்குங்க சார்."

போலீஸ்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "நேத்தே சொல்லித் தொலைக்கறதுக்கு என்னய்யா? ராத்திரி பூரா அந்த ஆள் இல்ல இல்லன்னு கதறினான். நாங்க நம்பல."

மாப்பிள்ளை வெளியே வந்தபோது உதடு கிழிந்து, வலது கை கழுத்தில் கட்டிய துணித் தூளியில் தொங்கியது. இடது காதுக்குள் பஞ்சு. ஸ்டேஷனில் கன்னத்தில் விழுந்த அறைகளில் செவிப்பறை கிழிந்துவிட்டது, அந்தக் காது இனி உதவாது என்றார் அதே டாக்டர். தங்கச்சி அண்ணனிடம் வந்து நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தான். "நான் உங்கிட்ட கேட்டேனே, அண்ணே" என்றாள், அவ்வளவுதான். கரடிக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது.

பத்து நாள் கழித்து ஸ்டேஷனிலிருந்து ஆம்ப் வீட்டுக்கு வந்தது. இசைப் பள்ளிக்காரர் மறுபடி ஆள் அனுப்பினார். கரடி வந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னான்: பின் வெட்டியது, கம்பி கழன்றது, ஆளைப் பிடித்தது. அந்த மனிதர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

"ஊரெல்லாம் சொன்னா யார் வாங்குவா?" என்றாள் பொண்டாட்டி. "கை போன ஆளுக்கு இது எதுக்கு? எடைக்காவது போட்டுடுங்க."

தூளியோடு வாசலில் நின்ற மாப்பிள்ளை உள்ளே வந்தான். இந்தத் தடவை தங்கச்சியைப் பார்த்துப் பேசவில்லை.

"விக்காதீங்க. ரிப்பேர் பண்ணுங்க."

"நீதானே விக்கச் சொன்ன?" என்றான் கரடி.

"அப்ப எனக்கு ரெண்டு காது இருந்துச்சு. இப்ப பாட்டு வாசிச்சா ஒண்ணும் பிடிபடல. இந்தப் பெட்டி சத்தம் மட்டும் தரை வழியா காலுக்கு வரும். சின்னப் பெட்டியில அது வராது. மூணு விரலால வாசிங்க, போதும். உங்களுக்காகச் சொல்லல. நாளைக்கு நானும் வாசிச்சுப் பிழைக்கணும்."

கரடிக்குத் தெரிந்த ரிப்பேர் கடை ஒன்றே ஒன்றுதான். கரடியின் வலது கை ஒரு பிடியில், மாப்பிள்ளையின் இடது கை மறு பிடியில். மூச்சு வாங்க, மூன்று தெரு தாண்டித் தூக்கிப் போனார்கள். ரிப்பேர்க்காரர் கரடியைப் பார்த்ததும் மேஜைக்குப் பின்னால் நகர்ந்து சுத்தியலைக் கையில் எடுத்துக்கொண்டார். முன்பல் இருந்த இடம் கறுப்பாகத் தெரிந்தது.

"அடிக்கணும்னா அடிங்க" என்றான் கரடி. "அதுக்கப்புறம் இதைப் பாருங்க."

ரிப்பேர்க்காரர் இரண்டு பேரின் கைக்கட்டுகளையும் பார்த்தார். சுத்தியலைக் கீழே வைக்காமலே, "பெஞ்சுல உட்காருங்க. கிட்ட வராதீங்க" என்றார்.

உட்கார்ந்தார்கள். ரிப்பேர்க்காரர் திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தார். தெருவில் லாரி ஒன்று போயிற்று. கரடி தரையைப் பார்த்துக்கொண்டு, வாழ்க்கையில் யாரிடமும் சொல்லாத ஒன்றைத் தொண்டையிலிருந்து பிடுங்கிச் சொன்னான்.

"மாப்ள, கண் முழிச்ச அன்னிக்கே பின்னை வெட்டினது நான்னு சொல்லியிருக்கணும், அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சும்மா படுத்திருந்தேன். என்னை மன்னிச்சுடு."

மாப்பிள்ளை ஆம்ப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஓர் அசைவும் இல்லை. கோபம் என்று நினைத்தான் கரடி. கொஞ்ச நேரம் கழித்துத்தான், தான் உட்கார்ந்திருப்பது அவனுடைய இடது பக்கம் என்பது உறைத்தது.

எழுந்தான். பெஞ்சைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போய் உட்கார்ந்தான். மறுபடி முதலிலிருந்து சொன்னான், கொஞ்சம் சத்தமாக.