சோர்ஸ் மாமா

சேலையூர் மல்லிகை காலனியில் டிவியில் படம் வரவில்லை என்றால் யாரும் கேபிள்காரனைத் தேட மாட்டார்கள். சூர்யநாராயணனைத்தான் கூப்பிடுவார்கள். தொலைபேசித் துறையில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு குட்டி டார்ச்சும், அதற்கு உபரியாக இரண்டு பென்சில் பேட்டரியும் இருக்கும். வருவார். "ரிமோட்டை யார் நோண்டினது?" என்று குழந்தைகளை ஒரு அதட்டல் போடுவார். பிறகு ரிமோட்டில் சோர்ஸ் பொத்தானை இரண்டு தரம் அமுக்குவார். படம் வந்துவிடும். அட, அவ்வளவுதான் வித்தை! பத்து வீட்டில் ஒன்பது வீட்டு வியாதி அதுதான். ஆனால் அந்த இரண்டு அமுக்கலுக்கு ஒரு டம்ளர் காபியும், "மாமா இல்லேன்னா நாங்க என்ன பண்ணுவோம்" என்ற வார்த்தையும் கிடைக்கும். காபியைப் பாதியில் வைத்தாலும் வைப்பார், வார்த்தையில் ஒரு சொட்டு மிச்சம் வைக்க மாட்டார்.

குழந்தைகள் அவருக்கு சோர்ஸ் மாமா என்று பெயர் வைத்தார்கள். கோபம் வந்தவர் போல முறைப்பார். வீட்டுக்கு வந்து மனைவி சாவித்ரியிடம் நாலு தரம் சொல்வார்.

இந்த ராஜாங்கத்தில்தான் ஷ்யாம்சுந்தர் வந்து இறங்கினார். ஐம்பது வயதிலேயே கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, ஒரு பெரிய வேனை வீடாக மாற்றிக் கொண்டுவந்து, குடிவந்த வீட்டுக்குப் பக்கத்துக் காலிமனையில் நிறுத்தினார். உள்ளே கட்டில், அடுப்பு, கக்கூஸ், ஏசி, ஒரு டிவி. போதாதென்று வெளிப்பக்கச் சுவரில் இன்னொரு டிவி. காலனியே வரிசை கட்டிப் போய்ப் பார்த்தது. சூர்யநாராயணனும் போனார். போகாமல் இருக்க முடியுமா?

கதவருகே ஒரு பெட்டியில் மூன்று பொத்தான்கள் இருந்தன. ஒன்று கூரை ஆன்டெனாவுக்கு, ஒன்று டிஷ்ஷுக்கு, ஒன்று வெளியிலிருந்து இழுத்துச் சொருகும் கேபிளுக்கு. "போற ஊர்ல எது கிடைக்குதோ அதுக்கு மாத்திக்கலாம் சார். ரொம்ப சிம்பிள்" என்றார் ஷ்யாம்சுந்தர்.

சிம்பிளாம்! சூர்யநாராயணனுக்கு அடிவயிறு பற்றிக்கொண்டது. அதற்கடுத்த வாரம் அது இன்னும் எரிந்தது. எதிர்வீட்டு ஜெரூஷாவின் டிவி நின்றுபோனது. இவர் டார்ச்சோடு தானாகவே போய் நின்றார். "ஷ்யாம் சார் வந்து சரி பண்ணிட்டாரு மாமா. உங்களுக்கு எதுக்கு சிரமம்?" என்றாள் அந்தப் பெண். நல்ல மனசோடுதான் சொன்னாள். இவருக்கோ அன்று ராத்திரி ரசம் இறங்கவில்லை.

பொறாமைக்காரனுக்குத் தூக்கம் கிடையாது, ஆனால் சுறுசுறுப்பு உண்டு. பெட்டியில் எழுதியிருந்த மாடல் நம்பரை மனப்பாடம் பண்ணி வந்திருந்தார். நெட்டில் அதன் கையேட்டைத் தேடிப் பிடித்து, கேம்ப் ரோடு ஜெராக்ஸ் கடையில் இருபத்தெட்டுப் பக்கம் அச்செடுத்தார். நாலு நாள் அதே பாராயணம். சாவித்ரி பீன்ஸ் நறுக்கினால் எதிரே உட்கார்ந்து வாசிப்பார், துணி மடித்தால் பின்னாலேயே போய் வாசிப்பார். பத்தொன்பதாம் பக்கத்தில் வெறும் வாயை மென்றவருக்கு அவல் கிடைத்தது.

"கேட்டியோ? கூரை ஆன்டெனாவுக்கு பூஸ்டர்னு ஒண்ணு இருக்காம். அதுக்குன்னு ஓரமா ஒரு குட்டி பொத்தான். அது ஆன்ல இருந்தா பச்சை லைட் எரியும். அது எரியற வரைக்கும் கேபிள் பொத்தானை என்னதான் அமுக்கினாலும் கேபிள் வராது. அவனுக்கு இது தெரியாது. மாட்டுவான் பாரு!"

மாட்டவும் மாட்டினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்றரைக்கு மேட்ச். எல்லாரும் வாங்க, வெளி டிவியில் சேர்ந்து பார்க்கலாம் என்று ஷ்யாம்சுந்தர் காலனி முழுக்க அழைத்துவிட்டார். நாற்காலி போட்டாகிவிட்டது. பஜ்ஜி வந்தாகிவிட்டது. வேப்பமரம் மறைப்பதால் டிஷ் உதவாது என்று தம் வீட்டிலிருந்து கேபிள் இழுத்து வேனில் சொருகினார். பொத்தானை அமுக்கினார்.

நோ சிக்னல்.

மறுபடி அமுக்கினார். கேபிளைப் பிடுங்கி ஊதிச் சொருகினார். ரிமோட்டைத் தட்டினார். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த சூர்யநாராயணனுக்குத் திறந்த கதவு வழியாகப் பச்சை லைட் நன்றாகத் தெரிந்தது. ஆஹா! வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

வாட்ச்மேன் துலுக்காணம் குனிந்து கேட்டார். "இன்னா சார், நீ பாட்டுக்கு குந்திகினு கீறே? போய் ஒரு கை பாரேன்."

"கூப்பிடாத எடத்துல நுழையப்படாது துலுக்காணம்."

"அதான் வந்து குந்திகினு நாலு பஜ்ஜி துன்னுட்டியே சார்!"

சாவித்ரி முழங்கையால் இடித்தாள். "போய்ச் சொல்லுங்கோளேன். பாவம், வேர்த்துக் கொட்டறது அவருக்கு."

"அவன் வாயால வரட்டும். 'சார், கொஞ்சம் பாருங்க'ன்னு ஒரு வார்த்தை. வந்தா உடனே எழுந்துக்கறேன்."

அவருக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தைதான். அது அத்தனை பேர் காதிலும் விழ வேண்டும், அப்புறம் அவரே மறுபடி சோர்ஸ் மாமா.

மூன்று ஓவர் முடிந்திருக்கும். பிள்ளைகள் போனை எடுத்துவிட்டார்கள். பின் வரிசையில் நாற்காலி காலியாக ஆரம்பித்தது. "சாரி, எல்லாரும் சாரி" என்றார் ஷ்யாம்சுந்தர். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் சூர்யநாராயணனிடம் வந்து வாயைத் திறந்தார். சோர்ஸ் மாமா அப்போது பார்த்து என்ன செய்தார் தெரியுமா? மிதப்பு தலைக்கேறி, வேப்பமரத்தில் காக்காய் எண்ணுகிறவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். திறந்த வாய் மூடிக்கொண்டது.

சாவித்ரி எழுந்தாள். தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு வேனில் ஏறினாள். பச்சை லைட்டுக்குப் பக்கத்தில் இருந்த குட்டி பொத்தானை ஆள்காட்டி விரலால் ஒரே அமுக்கு. லைட் அணைந்தது, வெளிச்சுவரில் பளிச்சென்று மைதானம் விரிந்தது. அதே நேரம் யாரோ ஒரு சிக்ஸர் அடிக்க, காலனியே எழுந்து கத்தியது. "மாமி! எப்படி மாமி?" என்று கை கூப்பினார் ஷ்யாம்சுந்தர்.

"எனக்கென்ன தெரியும்? எல்லாம் இவர் சொன்னதுதான்" என்றாள் சாவித்ரி.

அந்த இரைச்சலில் அது யார் காதிலும் விழவில்லை, சூர்யநாராயணன் காதைத் தவிர. நாற்பது வருஷமாக அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்குச் சுற்றிலும் இப்போது ஏழெட்டுப் பெண்கள். ஒருத்தி காபி நீட்டினாள். சாவித்ரி மிச்சம் வைக்காமல் குடித்தாள். இப்போது எரிந்ததைப் பார்த்தால், ஷ்யாம்சுந்தர் மேல் இத்தனை நாள் எரிந்ததெல்லாம் ஒரு எரிச்சலா என்று ஆகிவிட்டது சூர்யநாராயணனுக்கு.

மறுநாள் காலை போன் அடித்தது.

"மாமா, ஜெரூஷா பேசறேன். டிவில நோ சிக்னல்னு வருது."

சூர்யநாராயணன் அதற்குள் ஒரு காலைச் செருப்பில் நுழைத்துவிட்டார். "இதோ வந்துட்டேம்மா!"

"இல்ல மாமா... மாமி இருக்காங்களா?"

போனை நீட்டினார். சாவித்ரி பேசிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "டிவிக்குப் பின்னாடி இருட்டா இருக்காம். அந்த டார்ச்சை இப்படிக் கொடுங்கோ."

"பேட்டரி தீர்ந்துடுத்து" என்றார் அவர்.

சாவித்ரி அவர் சட்டைப் பையை ஒரு பார்வை பார்த்தாள். "பரவாயில்லை, தடவிப் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.