போடாத ரோட்டில் சங்கிலி மச்சான்

வெல்டருக்குப் பதினொரு வருஷமாக ஒரு மனக்குறை உண்டு. அன்றைக்கு அவர் முனகவில்லை. இருமினார். இருமலுக்கும் முனகலுக்கும் வித்தியாசம் தெரியாத ஆள் அக்கா புருஷனாக வாய்த்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

நடையில் முதலில் முனகுகிறவர்தான் சமையல் குண்டானைத் தூக்க வேண்டும் என்பது மச்சான் போட்ட சட்டம். அதன்படி, கல்யாணமாகிப் பதினைந்தே நாளான மனைவி பார்த்துக்கொண்டிருக்க, வெல்டர் முதுகில் குண்டானைக் கட்டிக்கொண்டு நான்கு நாள் மலை ஏறி, மலை இறங்கி, கடற்கரை மணலில் கால் புதையப் புதைய நடந்தார். பின்னாலிருந்து பார்த்தால் ஆமை மாதிரி இருந்தது என்று மனைவியே சொன்னாள். அதற்குப் பிறகு அவர் மச்சானோடு தெருமுனை வரைகூடப் போனதில்லை.

மச்சானை எல்லாரும் சங்கிலி என்பார்கள். வாலிபத்தில் ரோடு அளக்க வந்தவர்களுக்கு அளவுச் சங்கிலி பிடித்தவர். மலையிலிருந்து கடற்கரைக்கு ரோடு வரப்போகிறது என்று இரண்டு வருஷம் அளந்து, நூற்றுப் பன்னிரண்டு கல் நட்டு, ஒவ்வொன்றிலும் எண் செதுக்கிவிட்டுப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். கல் நின்றது, ரோடு வரவில்லை. வேலையும் போயிற்று. சங்கிலி ஒரு வாரம் யோசித்தார். வண்டிக்குத்தானே ரோடு வேண்டும், காலுக்கு எதற்கு என்று அந்தக் கல் வரிசையிலேயே ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். இருபத்து மூன்று வருஷம் அதுதான் பிழைப்பு.

பக்கத்துக் கடற்கரைக்கு ஜனம் பஸ் பஸ்ஸாகப் போகும். இந்தப் பக்கம் நாதி கிடையாது. வரைபடத்தில் மடிப்பு விழுகிற இடத்தில் இருப்பதால் இருப்பதே பலருக்குத் தெரியாது. கையில் காசு குறைவாகவும் காலில் நம்பிக்கை அதிகமாகவும் உள்ளவர்கள்தான் வருவார்கள். முதல் ராத்திரி, மழை அளக்கிறவர்கள் விட்டுப்போன அறை. இரண்டாவது, கல் உடைக்கிறவர்கள் கொட்டகை. மூன்றாவது, படகுக் கொட்டகை. மெத்தை கிடையாது. நடந்த நடைக்கு அது இல்லாததே தெரியாது.

சங்கிலியின் தொழில் முறை ஒன்றுதான். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு எத்தனை தப்படி, எத்தனையாவது தப்படியில் திருப்பம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பேசும்போதும் உதடு எண்ணிக்கொண்டே இருக்கும்.

இந்த வருஷம் அவர் வெல்டரின் பட்டறைக்கே வந்தார்.

"மாப்ளே, இந்தத் தடவை நீயும் வா."

"குண்டான் யாரு தூக்குறது?"

"நான் தூக்குறேன்."

வெல்டர் மிஷினை அணைத்தார். சட்டம் போட்டவரே குண்டானைத் தூக்குகிறேன் என்றால் எங்கேயோ விரிசல் விட்டிருக்கிறது. விரிசலைத் தேடுவது அவர் தொழில். வருகிறேன் என்றார்.

வந்தவர்கள் ஐந்து பேர். ஒரு தையல்காரர், அவர் மனைவி, ஒரே ஆபீஸில் வேலை பார்க்கும் மூன்று பேர். முதல் நாளே வெல்டருக்குச் சில விஷயங்கள் உறுத்தின. கல்லில் என்ன எண் என்று முதலில் படிக்கிறவருக்கு ஒரு பிஸ்கட் என்று மச்சான் புதிதாக ஒரு விளையாட்டு வைத்திருந்தார். தையல்காரர் குழந்தை மாதிரி ஓடி ஓடிப் படித்தார். டீயை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினார் மச்சான். ஆட்களிடம் பேசும்போது கோழி பார்க்கிற மாதிரி தலையைச் சாய்த்துப் பார்த்தார். வெல்டர் மறுநாளிலிருந்து மச்சானுக்குச் சரியாக ஒரு அடி பின்னால் நடந்தார்.

இரண்டாம் நாள் மதியம் செங்குத்துப் பாறை ஓரமாகப் பாதை. கீழே கடல்.

"எழுபத்தொண்ணு," என்று தையல்காரர் கத்திவிட்டுப் பிஸ்கட்டுக்குக் கை நீட்டினார்.

மச்சான் எண்ண ஆரம்பித்தார். எழுபத்தொன்றிலிருந்து நேராக நூற்றைம்பது தப்படி, பிறகு இடது பக்கம் திருப்பம். கணக்கில் பிழை இல்லை. பிழை கல்லில் இருந்தது. போன மழையில் மண் சரிந்து, எழுபத்தொன்றாம் கல் பாதை வழியாகவே நாற்பது தப்படி கீழே வழுக்கி வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி நிமிர்ந்து நின்றிருந்தது. நூற்றுப் பத்தில் பாதை திரும்பியது. மச்சான் திரும்பவில்லை. நூற்றுப் பதினொன்றுக்குக் காலைத் தூக்கினார்.

வெல்டர் அவர் முதுகிலிருந்த குண்டானின் காதைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"என்ன மாப்ளே?"

"திருப்பம் வந்துடுச்சு."

"இன்னும் நாப்பது இருக்கே."

"அந்த நாப்பதும் காத்துல இருக்கு மச்சான்."

சங்கிலி காலை மெல்ல வைத்தார். திரும்பி, "எல்லாரும் உக்காருங்க. இங்க பத்து நிமிஷம் கடல் பாக்கணும்" என்றார்.

"அதான் காலையிலேர்ந்து பாத்துட்டே வர்றோமே," என்றார் தையல்காரர்.

"உக்காந்து பாத்தா வேற மாதிரி இருக்கும்."

அவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். இவர்கள் இரண்டு பேரும் சற்றுத் தள்ளிப் போனார்கள்.

"எவ்ளோ நாளா?" என்றார் வெல்டர்.

"ஒரு வருஷமா. நடுவுல புகை மாதிரி. ஓரம் மட்டும் தெரியுது. உன்ன நேரா பாத்தா கழுத்துக்கு மேல ஒண்ணுமில்ல."

"பெரிய நஷ்டம் இல்ல."

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. மச்சான் சிரித்துவிட்டார்.

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"சரியாகாதுங்கறாரு."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா செருப்ப ஒளிச்சு வெச்சிடுவா. நடக்காம நான் என்ன பண்றது?"

வெல்டர் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். "உங்க பின்னால அஞ்சு பேரு வந்துட்டு இருந்தாங்க."

"ஆமா."

"வரிசையா."

"ஆமா மாப்ளே."

பிறகு மச்சான், "நீ முன்னால போ. வழியில என்ன கெடந்தாலும் அதத் திட்டிக்கிட்டே போ. உனக்குப் பழக்கந்தானே. யாருக்கும் சந்தேகம் வராது" என்றார்.

அன்றிலிருந்து மூன்று நாள் வெல்டர் வாய் ஓயவில்லை. "எந்த மடையன் இந்தக் கல்ல வலப்பக்கம் போட்டான்? முழங்கால் உசரத்துக்கு ஒரு வேரு, இதுக்கு வேற எடமே கெடைக்கலியா? எறக்கம், ஒரே வழுக்கல், மனுசன் நடக்கவா பூனை நடக்கவா?" தொண்டை கட்டிப்போயிற்று. பின்னால் மச்சான் ஒரு அடி பிசகாமல் வந்தார்.

தையல்காரர் மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டுச் சங்கிலியிடம் கேட்டாள். "ஏங்க, உங்க மச்சினரு வாய மூடவே மாட்டாரா?"

"பொறந்ததுலேர்ந்தே அப்படித்தாம்மா. நாங்க காதுல வாங்கறதில்ல."

நான்காம் நாள் எல்லாரும் கடலில் கால் கழுவி, உப்பு காய்வதற்குள் பஸ் ஏறினார்கள். தையல்காரர் ஜன்னல் வழியாக, "அடுத்த வருஷம் எங்க அண்ணனையும் கூட்டிட்டு வர்றேன்" என்றார்.

வழக்கமாக மச்சான் அங்கேயே தேதி குறித்துவிடுவார். அன்று குறிக்கவில்லை. "அடுத்த வருஷம் நான் இல்லீங்க. இந்த வழியில இனிமே யாரையும் கூட்டிட்டு வர மாட்டேன்" என்றார். தையல்காரர் ஏன் என்று கேட்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

இரண்டு பேரும் படகுக் கொட்டகை நிழலில் உட்கார்ந்தார்கள். மச்சான் செருப்பைக் கழற்றி மணலைத் தட்டினார். தட்டி முடித்தும் தட்டிக்கொண்டிருந்தார்.

"உங்க அக்காட்ட நீ சொல்லிடு மாப்ளே."

"உங்க கண்ணு, உங்க பொண்டாட்டி. நீங்கதான் சொல்லணும்."

"நான் சொல்லிடுவேன். சொன்னா அவ மூஞ்சி எப்படிப் போகுதுன்னு எனக்குத் தெரியாதே. நீ சொல்லு. சொல்லும்போது நல்லா பாரு. பாத்துட்டு வந்து, எப்படி இருந்துச்சுன்னு எனக்குச் சொல்லு."