மிச்சம் பிடித்த மாத்திரை

இரண்டு வாரத்துக்கு முன் ஓர் அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கத்தினேன். என் வயதுக்குப் பொருந்தாத கத்தல்தான். வருத்தமெல்லாம் இல்லை.

மகேஸ்வரி எங்கள் தெருக்காரி. மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரும் வேலை. இரண்டு பிள்ளைகள். கணவர் தங்கல் மீன்பிடிக்குப் போகிறவர் — கிளம்பினால் பத்து, பன்னிரண்டு நாள் கடலிலேயே இருந்துவிட்டுத்தான் திரும்புவார். மூன்றாவது வேண்டாம் என்று தெளிவாக இருந்தாள் மகேஸ்வரி. கருத்தடை மாத்திரையும் இலவசமாக வாங்கிக்கொண்டிருந்தாள். அப்புறம் எப்படி உண்டானாள்?

“அவரு கடல்ல இருக்கிறப்ப எதுக்கு தினம் முழுங்கணும்னு மிச்சம் பிடிச்சேன்க்கா. கரைக்கு வந்தா மட்டும் போட்டுக்குவேன்” என்றாள்.

தலையில் அடித்துக்கொண்டேன். தினமும் விடாமல் போட்டால்தானே அது வேலை செய்யும்? நர்ஸும் இதைச் சொல்லித்தான் திட்டியிருக்கிறார். ஏன் மிச்சம் பிடித்தாள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரி மாத்திரை ஜன்னலில் மாதம் ஒரு அட்டைதான் தருவார்கள். காலையில் போய் வரிசையில் நிற்க வேண்டும். உப்பையோ வெயில் ஏறுவதற்குள் வாரியாக வேண்டும். அவள் கால் கழுவி, பஸ் பிடித்து வருவதற்குள் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். இந்த அழகுக்கு ‘இலவசம்’ என்று போர்டு வேறு.

சரி, நடந்தது நடந்துவிட்டது. ஏழு வாரம். கலைக்க வேண்டும் என்று போனால், “வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா, கையெழுத்து வேணும்.” எங்கிருந்து கூட்டிவருவது, நடுக்கடலிலிருந்தா? இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாள் தள்ளிப்போனால் ஆபத்து யாருக்கு? கையெழுத்து கேட்டவருக்கா?

மூன்றாம் முறை நானும் போனேன். வயது வந்த பெண்ணுக்கு அவள் சம்மதமே போதும், சட்டம் அப்படித்தான் சொல்கிறது என்றேன். நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீங்க யாருங்க, சொந்தமா?”

“பக்கத்து வீடு.”

“அப்ப வெளிய உட்காருங்க.”

அங்கேதான் கத்தினேன்.

சத்தம் கேட்டு டாக்டரம்மா வந்தார். விசாரித்தார். “கையெழுத்தெல்லாம் தேவையில்லையே… யார் கேட்டது?”

“எப்பவும் வாங்குறதுதானே டாக்டர்” என்றார் நர்ஸ், வெகு சாதாரணமாக.

எப்பவும் வாங்குவதாம்! கத்துவதற்கு ஆள் கூட்டிவராத பெண்கள் எத்தனை பேர் அந்த வராந்தாவிலிருந்து பேசாமல் திரும்பிப் போனார்களோ…

டாக்டரம்மா அன்றைக்கே சிகிச்சையை ஆரம்பித்துவிட்டார். போன வாரம் மறுபரிசோதனை. மகேஸ்வரி நன்றாக இருக்கிறாள். அதற்காக ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். வந்தது வந்தோம் என்று மாத்திரை ஜன்னலில் மூன்று அட்டை சேர்த்துக் கேட்டாள்.

உள்ளே இருந்தவர் நிமிரவே இல்லை. “ஒண்ணுதான்மா. மூணு வேணும்னா கையெழுத்து வாங்கிட்டு வா.”

மகேஸ்வரி நிதானமாகக் கேட்டாள்: “யாரு கையெழுத்துங்க… எங்க வீட்டுக்காரருதா?”