சந்தனம் பூசிய ரைபிள்

எங்கள் தோட்டத்து ஆபீசில் ஒரு ரைபிள் இருக்கிறது. அதற்குப் பொறுப்பு நான்தான். வட்டகொடைப் பக்கத்துத் தோட்டமொன்றில் லீவு லெட்டர்களுக்கும் பெயர்ப் பதிவுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் ஒரு கிளாக்கர் பொம்பளைக்குத் துப்பாக்கிப் பொறுப்பு எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான் உண்டு. ஆபீசில் இருந்த ஆம்பளைகளைப் போய்க் கேளுங்கள்.

வெள்ளைக்காரத் துரைமார் காலத்து ரைபிள் அது. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் போல்ட் என்கிற இரும்புத் தண்டைக் கையால் தூக்கிப் பின்னால் இழுத்து, மறுபடி முன்னால் தள்ளி அமுக்கினால்தான் அடுத்த தோட்டா உள்ளே போய் உட்காரும். புதுத் தேயிலைக் கன்று நட்ட மலைகளில் காட்டுப்பன்றி இறங்கினால் நேற்று நட்டதெல்லாம் இன்றைக்கு வேரோடு கிடக்கும். அதற்காக வைத்திருக்கிறோம். வருடா வருடம் லைசன்ஸ் புதுப்பிக்க வேண்டும். ஒரு வருடம், பொறுப்பாக ஒருவரை இரண்டு நாள் வகுப்புக்கு அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தது. ஒருவருக்கு மச்சினன் கல்யாணம். ஒருவருக்கு முழங்கால் வலி. இன்னொருவருக்குச் சிங்களம் தகராறு. மேனேஜர் துரை என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். அவ்வளவுதான், என் தலையில் கட்டிவிட்டார்கள்.

வகுப்பு எடுத்தவர் ஓய்வுபெற்ற இராணுவக்காரர். அவர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் ஒரு கொப்பி முழுக்க எழுதினேன். துப்பாக்கி கைக்கு வந்தால் முதல் வேலை, போல்ட்டைத் திறந்து தோட்டா உட்காரும் இடத்தைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலாலும் தொட்டுப் பார்ப்பது. அடுத்தது, போல்ட்டை முழுதாக உருவிவிட்டுப் பின்பக்கமிருந்து குழல் வழியாக வானத்தைப் பார்ப்பது. வட்டமாக வெளிச்சம் தெரிந்தால் சரி. கொடுக்கிறவர் பார்த்திருந்தாலும் வாங்குகிறவர் மறுபடி பார்க்க வேண்டும். இதில் விளங்காதது என்ன இருக்கிறது? எங்கள் வாச்சருக்கு மட்டும் விளங்கவில்லை.

வாச்சர் என்றால் மலைகளுக்குக் காவல். ரைபிளை எடுத்துப் போகிறவர் அவர்தான். ஐம்பதைத் தாண்டியவர். பன்றியின் கால்தடத்தைக் குனிந்து பார்த்து, அது விடியலுக்கு முன்னால் போனதா பின்னால் போனதா என்று சொல்லிவிடுவார். கோபமே வராது. அதுதான் எனக்குக் கோபம். நான் தொண்டை வற்றக் கத்தி முடித்ததும், "சரிங்க மிஸ்" என்பார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாது. மறுநாள் பார்த்தால் முன்பு செய்ததையே செய்து வைத்திருப்பார்.

முதல் சண்டை தேங்காய் எண்ணெயால் வந்தது. துப்பாக்கிக்குத் தையல் மெஷினுக்குப் போடுவது போல மெல்லிய எண்ணெய், அதுவும் ஒரு துளி விட்டு, துணியால் துடைத்துவிட வேண்டும். இந்த மனுசன் தலைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெயைப் போல்ட் முழுக்கப் பூசி வைத்திருந்தார். மார்கழிக் குளிரில் எங்கள் பக்கத்தில் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள்ளேயே வெள்ளைக் கட்டியாகிவிடும். அதைக் குத்தி எடுத்துத்தான் தலைக்கு வைக்கிறோம். துப்பாக்கிக்குள் மட்டும் அது உருகியபடி இருக்குமா? போல்ட் அசைய மறுத்தது. அதற்கு அவர் கண்டுபிடித்த வைத்தியம்தான் என்னை உட்கார வைத்தது. தன் லயத்து வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் ரைபிளைச் சாத்தி வைத்துச் சூடு காட்டியிருக்கிறார். உள்ளே தோட்டா இருந்ததா என்று கேட்டேன். இருந்திருக்காது என்றார். இல்லை என்று சொல்லவில்லை, இருந்திருக்காதாம்.

பிறகு உர பேக். தொடர்ந்து இரவுக் காவல் இருந்த நாட்களில், பனியில் நனையக்கூடாது என்று ஈரத்தோடு உர பேக்கில் சுற்றி வாயை இறுக்கிக் கட்டி வைத்தார். இரண்டு நாளில் உள்ளே வேர்த்து, குழலின் மேல் செந்துரு படிந்துவிட்டது. பேக் புதுசுதான் என்று எனக்குச் சமாதானம் சொன்னார். வந்ததும் துடைக்க வேண்டும், குழலுக்குள் பின்பக்கத்திலிருந்து கம்பியில் துணி கட்டி விட்டு இழுக்க வேண்டும், துணி வெள்ளையாக வரும் வரை விடக்கூடாது என்று நான் செய்து காட்டினேன். அவர் ரொம்ப மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு சேஃப்டி. தோட்டாவை ஏற்றிக்கொண்டே வழுக்குப் பாறையில் ஏறுவார். கேட்டால் சேஃப்டி போட்டிருக்கிறதாம். சேஃப்டி என்பது விசையைத் தடுக்கிற விரல்நகம் அளவு இரும்பு. துப்பாக்கியைவிட அதற்கு வயது குறைவா என்ன? போய் உட்கார்ந்த பிறகுதான் தோட்டா, சுடும் கணம் வரை விசையில் விரல் போகக்கூடாது, பன்றிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் சுடவே கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். எங்கள் மலைகளில் எந்த மேட்டுக்குப் பின்னாலும் ஒரு லயம் இருக்கும், லயத்து வாசலில் பிள்ளைகள் இருக்கும். "சரிங்க மிஸ்."

இதெல்லாவற்றையும்விட என்னைப் புழுங்க வைத்தது ரைபிளைக் கையில் வாங்கும் நேரம்தான். நான் அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுப்பேன். அவர் இரண்டு கையாலும் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு நடையைக் கட்டுவார். போல்ட்டைத் திறக்க மாட்டார், குழலைப் பார்க்க மாட்டார். பார்த்துவிட்டுப் போகச் சொன்னால் ஒரு சிரிப்பு. வற்புறுத்தினால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். நான் பொறுப்பெடுத்த இந்த ஏழு வருடத்தில் ஒரே ஒரு தடவை பார்த்திருந்தால் நான் தோட்டத்துக் கோயிலில் பொங்கல் வைத்திருப்பேன். கொழுப்பு, சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டிவிட்டேன். கடைசியில் சொல்வதையும் விட்டுவிட்டேன்.

இந்த லட்சணத்தில் வருடத்துக்கு ஒருமுறை ஆயுத பூசை வேறு. எங்கள் பெக்டரியில் அன்றைக்கு ரோலரிலிருந்து செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி வரை எல்லாவற்றுக்கும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். பூசையை முன்நின்று நடத்துகிறவர் டீமேக்கர் ஐயா. தேயிலைத் தூளின் வாசனையை மூக்கில் வைத்தே தரம் சொல்லும் மனுசன். ஆனால் ரைபிள் என்று வந்துவிட்டால் அவருக்குப் புத்தி பேதலித்துவிடும். அதை நடுவில் வைக்காவிட்டால் பூசையே பூசை இல்லை. போன வருடம் குழலின் வாயில் கட்டைவிரலால் ஒரு உருண்டைச் சந்தனத்தை அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்துத் திருப்பி அனுப்பினார். உள்ளே இறங்கிக் காய்ந்துபோன சந்தனத்தைக் கம்பி விட்டுச் சுரண்டியே எனக்கு ஒரு நாள் போனது. துப்பாக்கியை விட்டுவிடுங்கள் என்று கேட்டதற்கு, ஆயுதம் இல்லாமல் என்ன ஆயுத பூசை என்று திருப்பிக் கேட்டார். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஆகவே இந்த வருடம் நான் புத்திசாலித்தனம் காட்டினேன். போல்ட்டை உருவி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பழைய பனியன் துணியில் ஒரு கீற்றுக் கிழித்து, சுருட்டி, குழலின் வாயில் இறுக்கமாக அடைத்தேன். வெளியே தெரிந்தால் யாராவது பிடுங்கிப் போடுவார்கள் என்று அரை விரல் ஆழத்துக்கு உள்ளே தள்ளிவிட்டேன். இனி எவ்வளவு சந்தனம் வேண்டுமானாலும் அப்பிக்கொள்ளுங்கள் என்று அனுப்பி வைத்தேன். என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் டீமேக்கர் ஐயா ரைபிளைத் தூக்கிக்கொண்டு வந்தார். மரக்கட்டை முழுக்க மூன்று பட்டை விபூதி. குழல் நெடுகச் சந்தனம். திருகாணிப் பள்ளங்களில் குங்குமம். தோட்டா போகும் பள்ளத்தில் செவ்வந்தி இதழ். நான் தொடங்கிவிட்டேன். அவரும் சாமி காரியத்தில் சலித்துக்கொள்ளக் கூடாது என்று தொடங்கிவிட்டார். நடுவே வாச்சர் வந்து நின்றார். ஏழாம் நம்பர் மலையில் பன்றிக் கூட்டம் பகலிலேயே இறங்குகிறதாம். அதே நேரம் துரையின் போன். உடனே ஆளை அனுப்பச் சொன்னார். நான் ஒரு கையால் சந்தனத்தையும் குங்குமத்தையும் துடைத்து, இதழ்களைத் தட்டிக் கொட்டி, அலமாரியிலிருந்து போல்ட்டை எடுத்துச் செருகி, டீமேக்கர் ஐயாவை ஏசிக்கொண்டே ரைபிளை நீட்டினேன். வாச்சர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சண்டை ஓய்ந்து, ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, மணி நாலரை இருக்கும், ரப்பர் முத்திரையைத் தேடி மேசை லாச்சியைத் திறந்தேன். உள்ளே அந்தப் பனியன் துணி கிடந்தது. ஓரத்தில் ஒரு கீற்றுக் கிழிந்திருந்தது.

அந்தக் கீற்று இன்னும் குழலுக்குள்ளேயே இருக்கிறது. வகுப்பில் அந்த இராணுவக்காரர் ஒரு பழைய துப்பாக்கிக் குழலைக் கையில் சுற்றிக் காட்டியிருந்தார். வாயில் மண் அடைத்திருந்தது தெரியாமல் சுட்டது. வாழைப்பழத் தோல் மாதிரிப் பிளந்து விரிந்திருந்தது. அதைச் சுட்டவனுக்கு இன்றைக்கு ஒரு கண்தான் இருக்கிறது என்று சாதாரணமாகச் சொன்னார். எங்களுடையது அதைவிடப் பழைய குழல். நான் வாச்சருக்குப் போன் எடுத்தேன். அவருடைய மனைவி எடுத்தார். மலையில் மணி அடித்தால் பன்றி ஓடிவிடும் என்று போனை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஓடினேன். சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்த பொம்பளைப் பிள்ளைகள் ஆபீஸ் மிஸ்ஸுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். குறுக்குப் பாதையில் போனால் துப்பாக்கிக்கு முன்னால் போய் நிற்பேன். ஆகவே சுற்றி, மேல் ரோட்டில் ஏறி, அவருக்குப் பின்பக்கமாக இறங்க வேண்டியிருந்தது. தண்ணீர் ஓடும் கானுக்குள் கால் போய் ஒரு செருப்பு அங்கேயே தங்கிவிட்டது. ஒவ்வொரு அடிக்கும் வெடிச் சத்தம் கேட்கப்போகிறது என்று காது அதற்காகவே காத்திருந்தது. அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். சின்னவளுக்குத் தை மாதம் பரீட்சை.

மேலே இருந்து பார்த்தேன். ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கன்னம் கட்டையில் படிந்திருந்தது. கீழே மானாப்புல்லிலிருந்து ஒரு தாய்ப்பன்றி குட்டிகளோடு வெளியே வந்துகொண்டிருந்தது.

"அண்ணே, சுடாதீங்க."

எனக்கு இருந்த மூச்சு முழுவதும் அதில் போய்விட்டது. பன்றிகள் புல்லுக்குள் பாய்ந்தன. அவர் திரும்பினார். துப்பாக்கியைத் திருப்பவில்லை. குழல் வாயைக் கீழே மண்மேட்டுப் பக்கமே வைத்துக்கொண்டு தலையை மட்டும் திருப்பினார். விரல் விசைக்கு வெளியே இருந்தது. பன்றிக்குப் பின்னால் லயம் இல்லாத இடமாகப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தார். நான் கத்தியதில் பாதியாவது அவர் காதில் ஏறியிருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மூன்று நாளாகத் தடம் பார்த்துவைத்த பன்றிகளை விரட்டிவிட்டேனே என்று முதல் தடவையாகச் சலித்துக்கொண்டார். ரைபிளை வாங்கி, போல்ட்டை இழுத்தேன். தோட்டா உள்ளங்கையில் விழுந்தது. போல்ட்டை முழுதாக உருவிவிட்டுக் குழலை வானத்துக்கு நேராகப் பிடித்து, பின்பக்கத்தை அவரிடம் நீட்டினேன். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மறுபடி பார்த்தார். "இருட்டா இருக்கே மிஸ்" என்றார்.

கொண்டை ஊசியைக் கழற்றி, குழல் வாயிலிருந்து அந்தத் துணியை நெம்பி எடுத்தேன். அடைத்தது நான்தான், எடுக்க மறந்ததும் நான்தான் என்று சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்ததும் பழக்கத்தில் அவரையே ஏசத் தொடங்கினேன். ஏழு வருடமாகச் சொல்கிறேனே, வாங்கும்போது ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திறந்து பார்த்தால் என்ன குறைந்துபோகும், கை தேய்ந்தா போகும் என்று கேட்டேன்.

அவர் பாறையில் உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. அந்தத் துணியை வாங்கி விரித்துப் பார்த்தார்.

"நீங்க குடுக்குறத ஒங்க கண்ணு முன்னாலயே தொறந்து பாத்தா, ஒங்கள நம்பலேன்னு ஆயிராதுங்களா மிஸ்?"

சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன். கொழுப்பு என்று நினைத்திருந்தேன். ஏழு வருடமாக இந்த மனுசன் எனக்கு மரியாதை செய்துகொண்டிருந்திருக்கிறார். அந்த மரியாதை இன்னும் ஒரு நிமிடத்தில் அவர் முகத்தைப் பிளந்திருக்கும். எனக்கு அழுகை வந்தது, அவரை நாலு அறை அறையலாம் போலவும் இருந்தது.

"என்னைய நம்பாதீங்கண்ணே" என்றேன்.

அவர் எழுந்து, என் ஒற்றைச் செருப்பைத் தேடிக் கானுக்குள் இறங்கிவிட்டார்.

அடுத்த நாள் காலையில் ரைபிளை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கினார். நான் நகராமல் நின்றேன். அவர் தரையைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார். பிறகு, "மன்னிச்சிருங்க மிஸ்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, போல்ட்டை உருவி, குழல் வழியாக ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தார். இப்போதும் அப்படித்தான். தினமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் பார்க்கிறார். கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. ஆனாலும் அவர் பார்த்து முடிக்கும் வரை அலமாரியைப் பூட்டாமல் நிற்கிறேன்.