எண்ணூர் முகத்துவாரம்: வீங்கிய விரலோடு ஒரு நாள்

பொங்கல் விடுமுறைக் கூட்டம் அடங்கிய பிறகு வந்த செவ்வாய்க்கிழமையன்று எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போய்வந்தேன். செவ்வாய் எனக்கு வார ஓய்வு. புறநகர் ரயில் நிலையம் ஒன்றில் டிக்கெட் கவுன்ட்டரில் வேலை. பதினாறு வருடமாக எண்ணூருக்கு டிக்கெட் கொடுக்கிறேன், ஒரு நாள்கூட அங்கே இறங்கியதில்லை. இந்த வலைப்பூவில் வேளாங்கண்ணி, தரங்கம்பாடி, ஏற்காடு என்றெல்லாம் எழுதியவள், ராயபுரத்தில் என் வீட்டிலிருந்து பதினைந்து கிலோமீட்டரில் ஆறு கடலோடு சேரும் இடத்தை நாற்பத்திரண்டு வயதில்தான் பார்த்தேன்.

அன்றைக்கு ஏன் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பதினோரு வருடமாக சொரியாசிஸ். முழங்கை, முழங்கால், தலை. சிவந்த திட்டுகள், மேலே வெள்ளைச் செதில். தொற்றாது. தொற்றாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்பதால் முழுக்கைச் சட்டை. ஒருமுறை சட்டைக் கை மேலேறிவிட, கவுன்ட்டர் துளைக்கு வெளியே நின்ற ஒருவர் நான் கொடுத்த சில்லறையைக் கைக்குட்டையில் வாங்கிக்கொண்டு போனார். அதையெல்லாம் பழகிக்கொண்டேன்.

பழக முடியாதது போன அக்டோபரில் வந்தது. முதலில் நகங்களில் ஊசியால் குத்தியதுபோலச் சின்னச் சின்னக் குழிகள். பிறகு வலது கை நடுவிரல், அடியிலிருந்து நுனிவரை ஒரே தடிமனாக வீங்கியது. காலையில் எழுந்தால் கையை மூட முடியவில்லை. முக்கால் மணி நேரம் வெந்நீரில் வைத்தால்தான் சட்டைப் பொத்தான் போட முடியும். குதிகாலை ஊன்றினால் ஆணி ஏறியதுபோல வலி. தோல் மருத்துவர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சொரியாசிஸ் இருக்கிற எல்லாருக்கும் மூட்டுல வரதில்ல. உங்களுக்கு வந்திருக்கான்னு பாத்துடணும். மூட்டுவாத டாக்டருக்கு எழுதித் தரேன், தள்ளிப் போடாதீங்க” என்றார்.

பத்து வாரம் தள்ளிப்போட்டேன். கணவர் ஜெரால்டிடம் சொல்லவில்லை. கோணிப்போன கைகளின் படங்களை செல்போனில் பார்த்துப் பார்த்து, நானே ஒரு தீர்ப்பு எழுதிவிட்டேன். கால் நடக்கும்போதே பார்த்துவிட வேண்டிய இடங்கள் என்று ஒரு பட்டியலும் போட்டேன். பக்கத்தில் இருப்பதால் எண்ணூர் முதலில் வந்தது. ஜெரால்டிடம், வலைப்பூவுக்காக ஒரு சுற்று போய்வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

விடியற்காலை ரயிலைப் பிடிக்கச் சொல்லித்தான் இது மாதிரிக் கட்டுரைகள் எழுதுவார்கள். என் உடம்பு எட்டு மணிக்கு முன்னால் புறப்படாது. 8.10க்கு ராயபுரத்தில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினேன். டிக்கெட் ஐந்து ரூபாய். கொருக்குப்பேட்டை தாண்டியதும் ஜன்னல் வழியே எண்ணெய்த் தொட்டிகள், அவற்றின் மேல் சுற்றிச் சுற்றி ஏறும் இரும்புப் படிகள். இருபது நிமிடத்தில் திருவொற்றியூர். நேராக எண்ணூரிலேயே இறங்கியிருக்கலாம், ஆனால் இட்லியும் வடகறியும் திருவொற்றியூரில் சாப்பிட வேண்டும் என்று ஆசை. ரயில்வே மேம்பாலப் படி இறங்கும்போது அந்த ஆசைக்காக என்னையே திட்டிக்கொண்டேன். கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் வழிவிட்டு இறங்கினேன். ஆனால் வடகறி அந்த வலிக்கு ஈடுகட்டியது. நான்கு இட்லி, வடகறி, காபி, எல்லாம் அறுபத்தைந்து ரூபாய். டம்ளரை இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தேன்.

9.20க்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். ஓட்டுநர் நான் ஏறிய விதத்தைப் பார்த்துவிட்டார்.

“இன்னாமா, கால்ல அடியா?”

“குதிகாலு வலி.”

“அப்ப நடுவுல குந்து. ஓரத்துல குந்துனா தூக்கிப் போடும். இந்த ரோட்ல வர்றதுக்குக் குதிகாலு நல்லா கீறவனுக்கே வலிக்கும்.”

உண்மைதான். இடது பக்கம் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக, கண்ணுக்கெட்டிய தூரம்வரை. வலது பக்கம் கருங்கல் கொட்டிய கரை, அதன்மேல் அலை அடித்துச் சிதறும் கடல். நடுவில் எங்கள் ஆட்டோ, தண்ணீர்க் குடம், ஒரு மூட்டை வெங்காயம், ஆறு பேர். ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர், அரை மணி நேரம். இறங்கி ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால் மீனவர் குப்பம், படகுகள் கட்டும் துறை. சாதாரணமாக இருபது நிமிட நடை. எனக்கு முப்பத்தைந்து ஆனது.

துறையில் வலையை உதறிக்கொண்டிருந்தவர் ஏழுமலை. ஃபைபர் படகு அவருடையது. முகத்துவாரம்வரை போய்வர எண்ணூறு கேட்டார்.

“எழ்நூறு தரேண்ணா.”

“சரி குந்து. வழில எங்க வூட்டம்மாவ எறால் புடிக்க எறக்கி வுடணும், பரவால்லியா?”

அவர் மனைவி கன்னியம்மா ஏற்கெனவே படகில் இருந்தாள். என் வயதுதான் இருக்கும். மடியில் பனையோலையில் முடைந்த ஒரு கூடை. படகின் விளிம்பு என் இடுப்பு உயரம், பிடித்து ஏற விரல்கள் ஒத்துழைக்கவில்லை. கன்னியம்மா எழுந்து வந்து கை நீட்டினாள். என் விரலைப் பிடிக்கவில்லை. மணிக்கட்டுக்கு மேலே கெட்டியாகப் பிடித்து ஒரே இழுப்பில் ஏற்றிவிட்டாள். உட்கார்ந்தபின் என் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாக்கா, உனுக்கும் அதுதானா?”

“எது?”

புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கினாள். அதே சிவப்பு, அதே வெள்ளைச் செதில். பதினோரு வருடத்தில், ஆஸ்பத்திரிக்கு வெளியே, என் தோலை இன்னொருத்தர் உடம்பில் நான் பார்த்ததில்லை. சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக் காட்டினேன். அவள் தலையை ஆட்டிவிட்டுத் தன் வலது கையை என் மடியில் வைத்தாள். ஆள்காட்டி விரலும் மோதிர விரலும் கொக்கிபோல வளைந்து, அப்படியே நின்றுவிட்டிருந்தன.

“மொதல்ல வெரலு வீங்கிச்சி. சேத்துல முள்ளு குத்திச்சினு நென்ச்சிகினேன். மஞ்சப் பத்து போட்டேன். ஒரு வருசம் அப்டியே ஓட்டிட்டேன். அதுக்குள்ள இது ரெண்டும் பூட்ச்சி” என்றாள்.

“அப்புறம்?”

“இதோ, இவுருதான் கெவுருமெண்டு ஆசுபத்திரிக்கு இஸ்துகினு போனாரு. வாரத்துல ஒரே ஒரு நாளு மாத்திர. ரத்தம் எட்த்து எட்த்துப் பாத்துகினே கீறாங்க. நாலு வருசமாச்சி. மத்த எட்டு வெரலும் தப்பிச்சிச்சி. உனுக்கு எத்தினி நாளா கீது?”

“மூணு மாசம்.”

“டாக்டராண்ட போனியா?”

“இன்னும் இல்ல.”

எஞ்சின் சத்தத்தில் ஏழுமலைக்கு இது கேட்டிருக்காது என்று நினைத்தேன். அவர் திரும்பாமலே சொன்னார்: “இவளும் இப்டித்தாம்மா, அப்பால பாக்கலாம் அப்பால பாக்கலாம்னுகினு இர்ந்தா.”

கன்னியம்மா அவரை முறைத்துவிட்டு, படகு ஒரு சேற்றுத் திட்டின் ஓரம் ஒதுங்கியதும் கூடையோடு தண்ணீரில் இறங்கிவிட்டாள்.

நாங்கள் முகத்துவாரத்துக்குப் போனோம். அந்த இடத்தை எப்படிச் சொல்வது? ஒரு பக்கம் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். தலையை முழுவதும் பின்னால் சாய்த்தால்தான் உச்சி தெரிகிறது. இடுப்பு ஒடுங்கிய ராட்சதப் பானைகளைப்போலக் குளிர்விப்புக் கோபுரங்கள். அதற்கும் அப்பால் துறைமுகத்தின் பளு தூக்கிகள் வரிசையாக நிற்கின்றன. மின்கம்பிகள் ஆற்றுக்குக் குறுக்கே தொங்குகின்றன. இவ்வளவுக்கும் கீழே, முழங்கால் ஆழத் தண்ணீரில், நூறு கூழைக்கடாக்களாவது இருக்கும். அலகுக்குக் கீழே தொங்கும் பையோடு அவை பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தன. படகு நெருங்கியதும் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின. சிறகடிப்பில் எஞ்சின் சத்தமே அமுங்கிப்போனது.

கடைசியில் மணல் மேடு விலகி, ஆறு கடலுக்குள் போகும் வாய் திறந்தது. பழுப்புத் தண்ணீரும் பச்சைத் தண்ணீரும் கோடு கிழித்ததுபோல நின்றன, பிறகு சுழித்து ஒன்றுக்குள் ஒன்று போயின. ஏழுமலை எஞ்சினை நிறுத்தினார். கரையில் ஆலைகளின் உறுமல், முன்னால் அலையின் உறுமல். என் வீட்டிலிருந்து ஐந்து ரூபாய் தூரத்தில் இது இத்தனை வருடம் நடந்துகொண்டே இருந்திருக்கிறது. என் கண்ணில் நீர் வந்தது. உப்புக் காற்று என்று ஏழுமலை நினைத்திருப்பார்.

திரும்பும்போது மணி 11.15, நீர் நன்றாக வற்றியிருந்தது. கன்னியம்மா கழுத்தளவு தண்ணீரில் இருப்பதுபோலத் தெரிந்தது. கிட்டே போன பிறகுதான் புரிந்தது, மண்டிபோட்டு நகர்ந்துகொண்டிருந்தாள். கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் அடிச் சேற்றைத் தடவிக்கொண்டே வந்தாள். தண்ணீர் சாம்பல் நிறம், உள்ளங்கை அளவுகூட உள்ளே தெரியாது. அவள் கண் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. இடது கை தேடியது. எதையோ கண்டதும் நின்றது. வளைந்த விரல்கள் உள்ள வலது கை வந்து மூடிபோலக் கவிழ்ந்தது. அடுத்த நொடி ஒரு இறால் கூடைக்குள். இருபது நிமிடம் பார்த்தேன், ஒருமுறைகூடத் தவறவில்லை. மடங்கிப்போன விரல் என்றால் முடிந்துபோன விரல் என்றுதான் நான் மூன்று மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கயிற்றை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கூப்பிட்டாள்: “எறங்கிப் பாக்குறியா? தோலு வெடிச்சி கீதா? வெடிச்சிருந்தா வோணாம், சுர்ருனு ஏறும்.”

கையில் வெடிப்பு இல்லை. இறங்கினேன். இடுப்பளவு. அவளைப்போலவே மண்டிபோட்டேன். என் கையைப் பிடித்துச் சேற்றின்மேல் வைத்து, “அமுக்காத, சும்மா வுடு. அதுவே வந்து சொல்லும்” என்றாள். சேறு வெதுவெதுப்பாக இருந்தது. எதுவும் நடக்கவில்லை. நண்டு ஏதாவது கடிக்குமோ என்று வேறு பயம். பிறகு, வீங்கிய அந்த நடுவிரலின் நுனியில் ஏதோ சுண்டியது. மெல்லிய, உயிருள்ள ஒரு துடிப்பு. கையை மூடுவதற்குள் போய்விட்டது. நான் கத்திவிட்டேன். கன்னியம்மா சேற்றுக் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மூன்று மாதமாக வலியைத் தவிர அந்த விரல் எனக்கு வேறெதையும் சொன்னதில்லை.

பிற்பகல் 3.30க்கு வீட்டில் இருந்தேன். ஜெரால்டு துறைமுக ஷிப்ட் முடிந்து வந்ததும் கையை நீட்டினேன். அவர் விரலைத் தொட்டுப் பார்த்தார்.

“எத்தினி நாளா?”

“அக்டோபர்லேர்ந்து.”

கோபம் வரும் என்று காத்திருந்தேன். சட்டையைக்கூடக் கழற்றாமல் மேஸ்திரிக்குப் போன் போட்டு, மறுநாள் வர முடியாது என்றார்.

மூட்டுவாத மருத்துவர் ஒவ்வொரு மூட்டாக அமுக்கிப் பார்த்தார். சொரியாசிஸ் மூட்டுவாதம்தான். பயந்தது நடந்துவிட்டது. ஆனால் எக்ஸ்ரேயில் எலும்பு இன்னும் அரிக்கப்படவில்லை. “இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா இதை உங்ககிட்ட சொல்லியிருக்க முடியாது” என்றார். வாரம் ஒரு மாத்திரை, அதற்குத் துணையாக வேறு நாளில் இன்னொன்று, ரத்தப் பரிசோதனைகள். கழிமுகத்தில் இறங்கிய கதையைச் சொன்னேன். அடுத்த முறை படகிலேயே இருங்கள் என்றார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை நல்லது, அதற்குப் பிறகு வெயில் தாங்காது. மெட்ரோவில் விம்கோ நகர் வரை வந்து ஷேர் ஆட்டோ பிடித்தால் மேம்பாலப் படிகள் மிச்சம், அங்கே மின்தூக்கி இருக்கிறது. நீர் எப்போது வற்றும் என்று துறையில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள், இறால் பிடிப்பவர்களை அப்போதுதான் பார்க்கலாம். படம் எடுப்பதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள், அது அவர்கள் வேலை செய்யும் இடம். மிதவைச் சட்டை இருக்கிறதா என்று விசாரியுங்கள். நான் விசாரிக்கவில்லை, அது தவறு. தண்ணீரில் இறங்காதீர்கள். நான் இறங்கியதற்காக இதை எழுதாமல் விட முடியாது. மொத்தம் எனக்கு ஆன செலவு எண்ணூற்றுச் சொச்சம், அதில் எழுநூறு படகுக்கு.

என்னைப்போலத் தோல் உள்ளவர்களுக்கு: தேங்காய் எண்ணெயோ மருத்துவர் தந்த களிம்போ தடவிக்கொண்டு போங்கள், உப்புக் காற்று தோலை உலர்த்திவிடும். மெத்தென்ற அடிப்பாகம் உள்ள செருப்பு போடுங்கள். காலையில் விரல் விறைத்தால், ஒரு விரல் முழுவதும் வீங்கினால், குதிகால் காரணமில்லாமல் வலித்தால், பயணத்துக்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.

மாத்திரை தொடங்கி ஒன்பது வாரம் ஆகிறது. மாத்திரை போட்ட மறுநாள் குமட்டல் இருக்கிறது. காலை விறைப்பு இப்போது கால் மணி நேரம்தான். கன்னியம்மாவுக்கும் எனக்கும் மாத்திரை நாள் ஞாயிறு. அன்றைக்குப் படகில் என் நம்பரை வாங்கிக்கொண்டவள், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போன் செய்வாள்.

“போட்டியாக்கா?”

“போட்டேன். நீ?”

“நானும் போட்டேன். சரி, வெச்சிர்றேன்.”