சிவப்பு அம்பு ஸ்டிக்கர்

தையல் ஃபேக்டரியில் அவளுக்குச் செக்கிங்கம்மா என்றுதான் பெயர். தைத்து வரும் சட்டைகளை மேசையில் விரித்து, காலர், கை, பட்டன் என்று பார்த்து, கோளாறு உள்ள இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறாள் என்று தையல்காரிகள் முணுமுணுப்பார்கள். பதினெட்டு வருஷத்தில் அவள் பார்த்து அனுப்பிய சட்டை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. நல்ல சட்டையைப் பற்றி அந்த மேசையில் யாரும் வாய் திறப்பதில்லை. அது பாட்டுக்குப் பெட்டிக்குள் போய்விடும்.

ஏப்ரன் பையில் கிடந்த ஸ்டிக்கர் சுருள் ஒருநாள் வீடுவரை வந்துவிட்டது. இரண்டாம் வகுப்பு படித்த மகளின் நோட்டில் ஒரு பிழையைப் பார்த்து, விளையாட்டாக அதன் பக்கத்தில் ஒரு அம்பை ஒட்டினாள். குழந்தை கலகலவென்று சிரித்தது. அந்தச் சிரிப்பை நம்பித்தான் மோசம் போனாள். அப்புறம் வகிடு கோணினால் கண்ணாடியில் ஒரு அம்பு, போர்வை மடிப்பில் ஒன்று, ஆசையாக வரைந்து நீட்டிய படத்தில் நாலு.

லாரி ஓட்டும் கணவன் வீட்டில் இருக்கும் நாட்களில் கிண்டல் செய்வான்.

"நீ என்ன பிள்ளைய பெத்தியா, சட்டைய தச்சியா?"

"திட்டுறேனா, அடிக்கிறேனா? ஸ்டிக்கர்தானே. உரிச்சா வந்துரும், தடமே இருக்காது."

அவளை அவள் அம்மா கரண்டிக்காம்பால் அடித்து வளர்த்தவள். தன் பிள்ளையைக் கை ஓங்காமல் வளர்ப்பதில் இவளுக்கு உள்ளூர அவ்வளவு பெருமை.

ஆறாம் வகுப்பில் டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். மகளின் பரீட்சைத் தாளை மேசையில் வைத்தார். ஒரு வரிகூட இல்லை.

"கேட்டா எல்லாத்துக்கும் டக்கு டக்குனு பதில் சொல்றாம்மா. தாளக் குடுத்தா எழுத மாட்டேங்கறா."

வீட்டுக்கு வந்து, "ஏன்டி எழுதல?" என்று கேட்டாள்.

"எழுதலன்னா தப்பு இருக்காதுல்லம்மா."

அன்றைக்காவது உறைத்திருக்க வேண்டும். பாவி, கையோடு வாங்கி வந்த அந்த வெற்றுத் தாளிலும், பெயர் எழுதாத இடத்தைப் பார்த்து ஒரு அம்பு ஒட்டினாள். இன்றைக்கும் அதை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்குவதில்லை.

மகள் இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். ஞாயிறு தவறாமல் போன் வரும். நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், வச்சிரட்டுமா. புது வீட்டின் படங்கள் அப்பாவின் போனுக்கு வந்தன. "எனக்கும் அனுப்பேன்டி" என்று இவள் கேட்டபோது, "இன்னும் ஒழுங்குபடுத்தலம்மா" என்றாள். அது ஆயிற்று இரண்டு வருஷம்.

போன வாரம் அலமாரியைக் காலி செய்யும்போது, மகளின் பழைய பள்ளிக்கூடப் போட்டோ ஒன்று கிடைத்தது. முகத்தில் ஐந்து சிவப்பு அம்புகள். தூக்கலான முன்பல்லுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று, நெற்றிக்கு, மூக்குக்கு, முகவாய் மச்சத்துக்கு. இவற்றில் ஒன்றையும் இவள் ஒட்டவில்லை.

பல்லுக்கு நேரே இருந்ததை நகத்தால் மெல்லக் கிளப்பினாள். துணியிலிருந்து தடமில்லாமல் வரும் ஸ்டிக்கர், படத்தின் மேல்தோலையும் சேர்த்து உரித்துக்கொண்டு வந்தது. மற்ற நாலைத் தொட அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. தரையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அந்த ஞாயிறு போன் வந்ததும், மகள் நலம் சொல்லி முடிக்கும் முன்பே முந்திக்கொண்டாள்.

"வீடு எப்படிக் கெடந்தாலும் பரவால்லடி. ஒரு போட்டோ அனுப்பு. சத்தியமா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

 மகள் கோபமே இல்லாமல் சொன்னாள்.

"நீ சொல்ல மாட்டம்மா. ஆனா பாப்பல்ல?"