சுந்தரலிங்கம் தோண்டிய கரிச் சுரங்கம்

மாணிக்கக் கல் தோண்டும் ஊரான ஓப்பநாயக்கவின் பஜாரில் சில்லறைக் கடை வைத்திருந்த சுந்தரலிங்கத்துக்குத் தெரியாத விஷயம் உலகத்திலேயே கிடையாது. அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். இருபது வருஷம் அவரோடு குடித்தனம் நடத்திய இந்திராணிக்கோ, அவருக்கு என்னென்ன தெரியாது என்பது அத்துப்படி.

அவள் கேட்டது ஒரேயொரு கக்கூஸ். பழையது மண்சரிவில் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அன்றிலிருந்து அவளும் மகள் தனுஜாவும் வாளியைத் தூக்கிக்கொண்டு, ரோட்டைத் தாண்டி, எதிர்வீட்டுப் பளீலாவின் கக்கூசுக்குப் போனார்கள். அவருக்கென்ன, ஆம்பளை, ஆற்றங்கரை இருந்தது. வயசுக்கு வந்த பிள்ளை, இருட்டில் போக வேண்டிவருமே என்று பொழுது சாய்ந்தால் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தாள். இந்திராணி பிறந்த தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில்கூட, ஆறு வீட்டுக்கு ஒரு கக்கூஸ் இருந்தது. கேட்டால், "பாப்போம், பாப்போம்" என்பார்.

தொண்ணூற்றாறில் நாடு முழுக்கக் கரண்டு வெட்டு. நிலக்கரியில் கரண்டு எடுக்கலாம் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அதே வாரம், மாணிக்கக் குழியில் வேலை செய்யும் முக்தார், குழியில் அகப்பட்ட கறுத்த கட்டையொன்றைக் கடைக்குக் கொண்டுவந்தான். சுந்தரலிங்கம் மகளின் புவியியல் புத்தகத்தை எடுத்து ஒரே ஒரு பக்கம் படித்தார். முப்பது கோடி வருஷத்துக்கு முன்னால், காபனிபெரசு காலத்தில், சதுப்பு நிலத்துப் பன்னக் காடுகள், அதாவது பெரணிக் காடுகள், புதைந்து, சேறு படிந்து இறுகிய அடையற் பாறைகளுக்கு நடுவே நிலக்கரியாயினவாம். வீட்டுக் கொல்லையிலும் பன்னம் மண்டிக் கிடந்தது. அடியில் கரி இருக்கிறது என்று முடிவு கட்ட அவருக்கு அது போதும்.

"இது உக்குன மரம் மொதலாளி. எங்க குழியில சும்மா வரும்," என்றான் முக்தார்.

"கல்லு தோண்டுறவனுக்குக் கரியப் பத்தி என்ன தெரியும்?"

கக்கூசுக்கு நீளாத கை கரிக்கு நீண்டது. முக்தாரையே கூலிக்குப் பிடித்து, இந்திராணியின் கத்தரிப் பாத்தியை அழித்து, பத்தடி தோண்டினார்கள். அதற்குக் கீழே அலவாங்குக் கம்பி இறங்கவில்லை. ஒரே கருங்கல்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த தனுஜா குழியை எட்டிப் பார்த்தாள். "அப்பா, அடுத்த பக்கம் படிக்கலையா? நம்ம ஊர்ப் பாறை அந்தக் காலத்துக்கும் ரொம்ப மூத்தது. மரமே மொளைக்காத காலத்துப் பாறை. அதுக்குள்ள எப்படிப்பா கரி இருக்கும்?"

முக்தார் இருமலை வரவழைத்துக்கொண்டு திரும்பி நின்றான். சுந்தரலிங்கம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். துடைத்து முடிகிற வழியாக இல்லை.

"மூடிப் போடு," என்றார் கடைசியில்.

"மூடாத தம்பி," என்றாள் இந்திராணி. "மேல பலகை போடு. சுத்தித் தகரம் அடி."

முக்தார் மொதலாளி பக்கம் திரும்பாமலே பலகை எடுக்கப் போனான்.

ஐந்தாம் நாள் காலை, புதுத் தகரக் கதவைச் சாத்திக்கொண்டு இந்திராணி நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். யாரோ தட்டினார்கள்.

"இந்திராணி, கொஞ்சம் சுருக்கா வா. அவசரம்."

"முப்பது கோடி வருசத்துக்குப் போயிட்டு வந்தவருக்கு அஞ்சு நிமிசம் நிக்க முடியலையா?" என்றாள் உள்ளேயிருந்து. "நில்லுங்க. நாங்க ரெண்டு வருசம் நின்னோம்."